சூசையப்பர் பாரின் ஊதாக் கொம்பு

"இந்தத் தடவை அந்த ஊதாக் கொம்பை ஊருக்குக் காட்டலைன்னா, என் பவளத் தொட்டியைத் தூக்கிப் போட்டுட்டுத் தங்கமீன் வளக்கப் போயிருதேன்!"

இப்படிச் சபதம் போட்டுவிட்டுத்தான் பெனிட்டா வள்ளத்தில் ஏறினாள். ஏறும்போதே கால் வழுக்கி, காற்றுச் சிலிண்டர் மேல் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். நல்ல சகுனம்தான் போங்கள்!

"சபதமெல்லாம் கரைக்கு வந்து போடலாம். உக்காருட்டி," என்றார் வள்ளக்காரர் கஸ்பார். இஞ்சின் உறுமியது. தூத்துக்குடிக் கரை பின்னால் நகர்ந்தது.

வெறும் கொம்புக்கா இத்தனை ஆவேசம் என்று கேட்பீர்கள். கொம்புக்கில்லை, வாக்குக்கு. வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டி வைத்து, உப்புத் தண்ணீர் விட்டு, நீல விளக்குப் போட்டுப் பவளம் வளர்க்கிறவர்களுக்கு ஊரில் ஒரு சங்கம் இருக்கிறது. போன சித்திரையில் பெனிட்டா சூசையப்பர் பார் என்கிற கடலடிப் பாறைத் திட்டில் முக்குளித்தபோது ஒரு புதர் பவளத்தைப் பார்த்தாள். கண்ணைப் பறிக்கிற ஊதா! கையில் கேமரா இல்லை. சங்கத்தில் போய்ச் சொன்னாள். தை மாதத்தில் எல்லோரும் படகு பிடித்துப் போய்த் தேடினார்கள். பழுப்பும் மண்ணுமாய்ப் புதர்கள் நின்றன. ஊதாவின் நிழல்கூட இல்லை.

"தண்ணிக்குள்ள தூங்கிட்டியாம்மா?" என்றார் சங்கத் தலைவர், பல் டாக்டர் ரெஜினால்ட். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் பெயர் 'ஊதா பெனிட்டா'. மீன் சந்தையில்கூட, "இன்னைக்கு என்ன கலரு பாத்த?" என்று கேட்டு வைப்பார்கள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷிக்கு அது எப்படி எரியும்! பெற்ற தாயே ஒருநாள், "மூச்சு முட்டுனா என்னென்னவோ தெரியுமாம்ல?" என்று கேட்டபோது பெனிட்டா சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

சரி, கடலுக்கு வருவோம். உடன் வந்த மூன்றாவது ஆள் செய்யது, காயல்பட்டினத்துக்காரன். கல்யாண வீட்டில் படம் எடுப்பது தொழில், கடலுக்கடியில் படம் எடுப்பது பைத்தியம்.

"இப்பமே சொல்லிட்டேன் பெனிட்டா. படம் மட்டும்தான். ஒரு விரல் கொம்பு ஒடிச்சாலும் சட்டம் உள்ள தள்ளிரும்."

"எனக்குத் தெரியாதாக்கும்!"

சூசையப்பர் பாரைக் கண்டுபிடிக்கக் கஸ்பாரிடம் வரைபடம் கிடையாது. கரையில் மாதா கோயில் கோபுரமும் அனல்மின் நிலையப் புகைபோக்கியும் ஒன்றன்பின் ஒன்றாய் நின்றால், காலுக்குக் கீழே பார். ஆனால் அன்றைக்குப் பார்த்துக் கரை முழுக்க வெயில் மூட்டம்! கோபுரத்தையும் காணோம், புகைபோக்கியையும் காணோம். வள்ளம் அங்கும் இங்கும் அலைந்தது. தண்ணீர் முழுக்கச் சொறி மீன்கள் குடை குடையாய் மிதந்தன.

"திரும்பிருவமா?" என்றார் கஸ்பார்.

"திரும்புனா நான் ஊருக்குள்ள நடக்க முடியாதுண்ணே!"

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் இஞ்சினை மறுபடி முடுக்கினார். திடீரென்று ஒரு காற்று! மூட்டம் கிழிந்தது. கோபுரம் தெரிந்தது, அதன் முதுகில் புகைபோக்கி ஒட்டி நின்றது.

"இதேதான்! நங்கூரத்தை மணலுக்குத் தள்ளிப் போடுங்கண்ணே, பாரில விழுந்துராம!"

இருவரும் குதித்தார்கள். நீரோட்டம் பிடித்து இழுத்தது. ஒரு சொறி பெனிட்டாவின் கழுத்தை உரசி நெருப்பாய்ச் சுட்டது. கயிற்றை இறுகப் பிடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். இறங்க இறங்கக் குளிரவேண்டிய தண்ணீர், அடியிலும் கொதிக்க வைத்து ஆற்றிய வெந்நீர் மாதிரியே இருந்தது. யார் அதைக் கவனித்தார்கள்? ஏனென்றால் எதிரே, ஆத்தாடி, ஊதா! ஒரு புதரா, இரண்டு புதரா? பாரே ஊதா! கொம்பு கொம்பாய், கிளை கிளையாய், கத்தரிப்பூ நிறத்தில் ஒரு காடு.

பெனிட்டா முகமூடிக்குள்ளேயே அழுதாள். நான் பொய்க்காரி இல்லை, நான் பொய்க்காரி இல்லை என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. செய்யது நீல டார்ச்சை ஏற்றினான். காடு தீபாவளியாய் ஜொலித்தது. அவன் அந்தப் பக்கம் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, அவள் ஒரு கொம்பின் நுனியை மடக்கென்று ஒடித்துப் புட்டிக்குள் போட்டுக்கொண்டாள். படத்தை மட்டும் காட்டினால், கம்ப்யூட்டரில் செய்தது என்று சொல்லமாட்டார்களா?

வள்ளத்தில் புட்டியைப் பார்த்ததும் கஸ்பாரின் முகம் சுண்டிப்போனது. "கெடுத்தியேட்டி. இதுக்கா கூட்டிட்டு வந்தேன்?" செய்யது கேமராவைப் பைக்குள் மூட்டை கட்டினான். கரை வரும்வரை அவள் பக்கமே திரும்பவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை! அவள் வீட்டில் கூட்டம் நெரிந்தது. கேமராத் திரையில் செய்யதின் படங்கள் ஓடின. நீல விளக்கின் கீழ் அந்த ஒற்றை விரல் நின்று எரிந்தது. பவளத் தொட்டிக்காரர்களுக்கு நிறம்தான் சாதி, நிறம்தான் கோத்திரம். எலும்பை யார் பார்த்தார்கள்! டாக்டர் ரெஜினால்ட் கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினார்.

"மன்னிச்சிரும்மா. இது இதுவரைக்கும் யாருமே பாக்காத சாதி. பேரு 'பெனிட்டா ஊதா'ன்னே வைப்போம்!"

கைதட்டல். அவள் தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்று மாதத்து அவமானம் ஒரு மத்தியானத்தில் கரைந்தது. "அடுத்த ஞாயிறு எல்லாரும் போறோம். ஆளுக்கு ஒரு விரல்!" என்றார் டாக்டர். யாருக்கு ஜெயில் பயம்? ஆசை வந்தால் சட்டம் கண்ணுக்குத் தெரியுமா? பெனிட்டாவும் தலையாட்டினாள். அன்றைக்கு அவள் எதற்கும் தலையாட்டியிருப்பாள்.

வினை அதற்குப் பிறகுதான். தொட்டியில் தண்ணீரைக் குளுமையாய் வைக்க ஒரு கருவி ஓடும். அந்தக் குளுமையில் விரலின் ஊதா நாளுக்கு நாள் மங்கியது. அடியிலிருந்து பழுப்பு ஏறியது. நோயோ என்று பதறி, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். நோயில்லை, விரல் கொழுகொழுவென்று இருந்தது. முதன்முறையாக நிறத்தை விட்டுவிட்டு அதன் உடம்பைப் பார்த்தாள். சின்னச் சின்னக் கிண்ணங்கள், நுனியில் ஒரு பெரிய துளை. இதை எங்கோ பார்த்திருக்கிறோமே?

கொல்லைக்கு ஓடினாள். அந்தக் காலத்தில் கடலில் பவளக் கல் வெட்டி வந்துதான் அவர்கள் மதில் கட்டியது. காரை பெயர்ந்த இடத்தில் விரலால் தடவினாள். அதே கிண்ணம், அதே துளை! யாரும் பாராத சாதியாம்! சுண்ணாம்புக் காளவாசலில் வண்டி வண்டியாய்ச் சுட்ட சாதாரண மான்கொம்புப் பவளம்!

அப்படியானால் ஊதா?

மதிலோரமே உட்கார்ந்துவிட்டாள். முன்பொரு கோடையில் கரண்டு போய்க் கருவி நின்றபோது, அவள் தொட்டியிலேயே ஒரு பழுப்புப் பவளம் பளபளவென்று ரோஜா நிறமானது. பார்த்தவர்களெல்லாம் மெச்சினார்கள். அந்த வாரமே அது செத்தது. பவளத்தின் உடம்புக்குள் குடியிருந்து சோறு போடுவது பழுப்புப் பாசி. தண்ணீர் கொதித்தால் அந்தப் பாசி கழன்று போகும். அப்போது வெறும் மேலில் வெயில் தாக்காமலிருக்கப் பவளம் சாயம் பூசிக்கொள்ளும். அது அழகில்லை, காய்ச்சல்! போன சித்திரையில் ஊதா, தையில் பழுப்பு, இந்தச் சித்திரையில் மறுபடி ஊதா. அடிப் பாவி, அப்போதே புரிந்திருக்க வேண்டாமா?

"அண்ணே, வள்ளத்தை எடுங்க!"

கஸ்பார் ஏன் என்று கேட்கவில்லை. செய்யதும் வந்தான். அன்றைக்கு மூட்டமே இல்லை. கோபுரமும் புகைபோக்கியும் பட்டென்று ஒன்று சேர்ந்தன. மூச்சுக் குழாயைக் கடித்துக்கொண்டு பெனிட்டா இறங்கினாள்.

வெள்ளை. பார் முழுக்க வெள்ளை. போன வாரம் ஜொலித்த காடு சுட்ட எலும்பாய் நின்றது. சில கொம்புகளில் அழுக்குப் பாசி படரத் தொடங்கியிருந்தது. மற்றவற்றின் கிண்ணங்களுக்குள் உயிர் கண்ணாடியாய் ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஆறினால் பழுப்புப் பாசி திரும்பி வந்து பிழைக்கும். இந்த நேரத்தில் கை பட்டால், ஒடித்தால், மிதித்தால் போச்சு. இந்த ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேரும் உளியும் புட்டியுமாய் வருகிறார்கள்! நோய் என்று சொன்னால், சாகுமுன் எடுத்துவிடுவோம் என்று இன்னும் சீக்கிரம் வருவார்கள்.

மேலே வந்ததும் முகமூடியைக் கழற்றினாள். "செய்யது, அந்தப் படங்களை அழிச்சிரு."

"என் வாழ்க்கையிலயே நல்ல படம் அதுதான் பெனிட்டா!"

"தெரியும். அது இருந்தா நம்பிப் பாருக்கு வந்துருவாங்க. கெஞ்சிக் கேக்கேன்."

அவன் கேமராவை எடுத்தான். பிறகு ஒவ்வொன்றாய் அழித்தான். கரைக்குப் போய்ச் சேருவதற்குள் டாக்டரின் போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பெரிய விசைப்படகே பேசிவிட்டாராம்! அவள் வந்து ஏறினால் போதுமாம்.

"பாருல ஊதாவே கிடையாது டாக்டர். புளுகுனேன்."

"என்னம்மா சொல்லுத? நான் கண்ணால பாத்தேனே!"

"அது சாயம். சாதாரணக் கொம்புக்கு ஊதாச் சாயம் ஏத்துனேன். இப்ப வெளுத்துப் போச்சு, வந்து பாருங்க. செய்யது படமெல்லாம் நீல லைட்டுல எடுத்தது. நீலத்துல எதுதான் மின்னாது?"

அந்தப் பக்கத்திலிருந்து "ச்சீ!" என்ற ஒரு சொல். போன் வைக்கப்பட்டது. கஸ்பார் இஞ்சினை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். "சம்பாதிச்ச மானத்தையும் வித்துட்டியேட்டி," என்றார். பிறகு அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

சங்கத்திலிருந்து அவளை நீக்கினார்கள். தாய் கோயிலுக்குப் போகவே வெட்கப்பட்டாள். பெனிட்டாவுக்கு வலிக்கவில்லை என்றா சொல்கிறீர்கள்? வலித்தது. பொய்க்காரி இல்லை என்று காட்டக் கடலுக்குள் போனவள், உண்மையில் பொய்க்காரியாகித்தான் கரையேறினாள். அவள் கொண்டுவந்த புதையல் ஒரு நோயாளியின் காய்ச்சல். ஒடித்த விரல் மட்டும் அவள் தொட்டியில் சுகமாய் வளர்ந்துகொண்டிருந்தது, அவள் பண்ணிய களவுக்குச் சாட்சியாய். தண்ணீர் ஆறியதும் அதைப் பாரிலேயே கொண்டு கட்டிவிட வேண்டும் என்று கஸ்பாரிடம் சொல்லி வைத்திருந்தாள். கடலில் எது கண்ணைப் பறித்தாலும் கையை நீட்டுமுன் தண்ணீரைத் தொட்டுப் பார், அவ்வளவுதான் அவள் படித்த பாடம்.

மீன் சந்தையில் மறுபடியும் பழைய சிரிப்பு.

"என்ன பெனிட்டா, இன்னைக்கு என்ன கலரு?"

"பழுப்புண்ணே," என்றாள் அவள், தலையை நிமிர்த்தி. "பழுப்பாகணும்னு வேண்டிக்கோங்க."

அவர்கள் இன்னும் சத்தமாய்ச் சிரித்தார்கள்.