மர்ஜான் ஹவுஸில் ஒரு கட்டில் காலி

எனக்குச் சந்தேகப் புத்தி. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? பால் பாக்கெட்டில் தேதியை ரெண்டு தடவை பார்ப்பேன். லிஃப்டில் தெரியாத ஆள் இருந்தால் அடுத்த லிஃப்டுக்கு நிற்பேன். இருபது வருஷமாக வளைகுடாவில், புஜைராவில் குப்பை கொட்டியும் ஒருத்தரிடமும் ஏமாந்ததில்லை என்று பெருமை வேறு. அந்தப் பெருமையில்தான் மண் விழுந்தது.

என் மகள் ஸ்வாதிக்கு பயோடெக் படிக்க சீட் கிடைத்திருந்தது. பல்கலைக்கழகத்தின் பேரைச் சொல்ல மாட்டேன், எதற்கு வம்பு. ஷார்ஜாவைத் தாண்டி பாலைவனத்துக்கு நடுவில் ஒரு வளாகம். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கேட்டு, அறுபது பேருக்குத்தான் கொடுத்தார்கள். லெட்டர் வந்தபோது என் வீட்டுக்காரர் ஜெயசீலன் ஆயில் டேங்க் சைட்டில் டூட்டியில் இருந்தார். போனிலேயே அழுதுவிட்டார் மனுஷன். ஸ்வாதி ரெண்டு நாள் தரையில் நடக்கவில்லை.

லெட்டரின் கடைசியில் ஒரு கொக்கி இருந்தது. முதல் வருஷம் கட்டாயம் வளாகத்துக்குள்தான் தங்க வேண்டும். மூன்று விடுதிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்குள் உறுதி செய்யாவிட்டால் சீட் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

ரூமைக் கண்ணால் பார்க்காமல் உறுதி செய்யக் கூடாது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். வியாழக்கிழமை ஒரு மணிக்கு மூன்று பேரும் காரில் போய் இறங்கினோம். ஆகஸ்ட் வெயில் மண்டையைப் பிளந்தது. பேரீச்சை மரங்களுக்குக் கீழே ஒரு ஈ காக்கை இல்லை.

விடுதி ஆபீஸ் கவுண்டரில் இருந்த பெண் ரெண்டு விடுதி நிரம்பிவிட்டது என்றாள். மர்ஜான் ஹவுஸில் மட்டும் ஒரு ரூம் இருக்கிறதாம். மூன்றாவது மாடி.

"எல்லாம் நிரம்பி வழியுது, அது மட்டும் ஏன் காலி?" என்று கேட்டேன்.

"உங்கள் அதிர்ஷ்டம் மேடம்," என்றாள், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே. முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லாதவர்களை நான் நம்புவதில்லை.

பெண்கள் விடுதி என்பதால் ஜெயசீலனைக் கீழே லாபியில் உட்கார வைத்துவிட்டார்கள். கிரேஸ் என்ற ஃபிலிப்பைன்ஸ்காரிதான் வார்டன். அவள் எங்களை மேலே கூட்டிப்போனாள். பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள், இப்போது கட்டடத்தில் யாருமே இல்லை என்றாள். நீளமான வராந்தா. ஏசி சவக்கிடங்கு மாதிரி குளிர்ந்தது. கார்டை வைத்ததும் பீப் என்று கதவு திறந்தது. கிரேஸ் எங்களை உள்ளே போகச் சொன்னாள்.

அவள் வாசலைத் தாண்டவில்லை.

ரெண்டு கட்டில். ஒன்றின் மெத்தை பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் புத்தம் புதுசாக இருந்தது. இன்னொன்றில் உறை இல்லை, விரிப்பு போட்டிருந்தது. நான் ஜன்னல் கொக்கியை ஆட்டிப் பார்த்தேன். ரெண்டு அலமாரியையும் திறந்து பார்த்தேன், காலி. பாத்ரூமில் யாரும் இல்லை, ஆனால் தரை ஈரம்.

"யாரு குளிச்சது?" என்றேன் கிரேஸிடம்.

"கிளீனிங் மேடம்."

மூலையில் இருந்த வாளி காய்ந்து கிடந்தது.

"மம்மி, ப்ளீஸ், உங்க சிஐடி வேலையை இங்க ஆரம்பிக்காதீங்க," என்றாள் ஸ்வாதி. அவளுக்கு அந்த ரூம் பிடித்துப்போயிருந்தது. புதுக் கட்டிலில் உட்கார்ந்து குதித்துக்கூடப் பார்த்துவிட்டாள். அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்க வேண்டும் என்று கிரேஸ் அவளைக் கீழே கூட்டிப்போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

ஏசி சத்தம் நின்றது.

ஒரு வாடை வந்தது. மழைக்காலத்தில் கொடியில் காயாமல் கிடக்கிற துணியின் வாடை. இந்த வெயிலில் துணி காயாமல் கிடக்குமா என்று நினைத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

"எந்த ஊரு அத்தே?"

திரும்பினேன். விரிப்பு போட்ட கட்டிலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஸ்வாதி வயசுதான் இருக்கும். ஈரத்தலை, பின்னாமல் விட்டிருந்தாள். கதவு பீப் அடிக்கவில்லை. பாத்ரூமை நானே பார்த்திருந்தேன்.

வேறு எந்த பாஷையில் பேசியிருந்தாலும் கத்தி ஊரைக் கூட்டியிருப்பேன். ஆனால் அந்த 'அத்தே'! இந்த ஊரில் வேலைக்கு இந்தி, கடைக்கு மலையாளம், பெற்ற மகளிடம் பாதி இங்கிலீஷ். எங்கள் பக்கத்துப் பேச்சை ஒரு சின்னப் பெண் வாயில் கேட்டு எத்தனை வருஷம்! என் புத்தி அங்கேயே கழன்று விழுந்தது.

"சங்கரன்கோவில் பக்கம்மா. நீ?"

"நானும் அங்கனதான்."

அங்கன என்றால் எங்கன? கேட்கவில்லை. டாக்ஸிக்காரனிடம் தாத்தா பேர் வரைக்கும் விசாரிக்கிற நான், அவள் பேரைக்கூடக் கேட்கவில்லை.

"சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டேன்.

"அப்படிக் கேக்கதுக்கு ஆளே இல்ல அத்தே." குரல் உடைந்தது. "வியாழக்கெழம ஆனா லீவுக்கு எல்லாப் பிள்ளையளையும் கூட்டிட்டுப் போக ஆளு வரும். எனக்குத்தான் யாரும் வரல."

 பாவி மகள், எவள் பெற்ற பிள்ளையோ!

"அழாதட்டி. ஸ்வாதி வரும்போது நீயும் எங்க வீட்டுக்கு வா. புஜைராதான், ஒன்றரை மணி நேரம்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"அவ வராட்டாலும் நான் வரலாமா?"

"அதுக்கென்ன? நீயும் எனக்கு மவ மாதிரித்தான்."

ஊரில் யாரிடமும் சொல்கிற வார்த்தைதானே. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம்கூடச் சொல்லுவோம், இறங்கினதும் மறந்துவிடுவோம். அவள் சிரிக்கவில்லை. கண்ணை இமைக்காமல் என்னையே பார்த்தாள்.

"சரிம்மா," என்றாள்.

அத்தே இல்லை. அம்மா.

பீப் என்று கதவு திறந்தது. கிரேஸும் ஸ்வாதியும். நான் அவர்களைப் பார்த்துவிட்டுக் கட்டிலைப் பார்த்தேன்.

யாரும் இல்லை. விரிப்பில் ஒரு ஆள் உட்கார்ந்த அளவுக்கு ஈரம்.

கிரேஸ் அதைப் பார்த்தாள். ஸ்வாதியை லாபிக்குப் போகச் சொல்லிவிட்டு என்னை வராந்தாவுக்கு இழுத்தாள். 

"பார்த்தீர்களா அவளை?" என்று கிசுகிசுத்தாள். "எந்த லிஸ்டிலும் அப்படி ஒரு பிள்ளை இல்லை மேடம். ஆபீஸில் சொன்னேன், நம்ப மாட்டேன் என்கிறார்கள். இந்த ரூமுக்கு வந்த எல்லாரிடமும் ஏதோ கேட்டுக்கொண்டே இருப்பாளாம். என்ன பாஷை என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை." என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "உங்களுக்குப் புரிந்ததா?"

"புரிஞ்சுது."

"பதில் சொன்னீர்களா?"

நான் விறுவிறுவென்று லிஃப்டைப் பார்த்து நடந்தேன்.

கீழே வந்தபோது மணி ரெண்டு நாற்பது. இந்த ரூம் வேண்டாம் என்றேன். காரணம் சொன்னேன். ஸ்வாதி என்னைப் பைத்தியக்காரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"மம்மி, இது என்னோட லைஃப். ப்ளீஸ். ட்வென்டி மினிட்ஸ்தான் இருக்கு." என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். ஒரு நாளும் அப்படிச் செய்யாத பிள்ளை.

"ஜோதி, நல்லா யோசிச்சுக்கோ," என்றார் ஜெயசீலன்.

என் பிள்ளையை அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் படுக்க வைக்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். மூன்று மணி ரெண்டு நிமிஷத்துக்கு ஸ்வாதியின் போனில் மெயில் வந்தது. சீட் போயிற்று.

வீட்டுக்குத் திரும்பக் காரில் ஏறும்போது ஸ்வாதி என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். நான் பின்னால் தனியாக உட்கார்ந்தேன். வழியில் மசாஃபி மலை வரும்வரைக்கும் அவள் விம்முகிற சத்தம் கேட்டது. அழட்டும், உயிரோடு அழட்டும் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டேன். வழி முழுக்க என் இடது பக்கம் மட்டும் சில்லென்றிருந்தது. ஏசி என்று நினைத்தேன்.

மூன்று நாள் ஸ்வாதி என்னிடம் பேசவில்லை. ரூம் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். ஞாயிற்றுக்கிழமை மற்ற பிள்ளைகள் விடுதியில் சேருகிற நாள், எனக்கே நெஞ்சு பொறுக்கவில்லை. குளித்துவிட்டு வந்து, தயிர்சாதம் பிசைந்து, அவள் ரூம் வாசலில் தட்டை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

"ஸ்வாதி, அம்மா மேல கோவமா? உன் நல்லதுக்குத்தாண்டா அந்த எடம் வேண்டாம்னேன். அடுத்த வருஷம் வேற நல்ல காலேஜா பாப்போம். ஒரு வா சாப்பிடு."

 அப்புறம் மெதுவாகக் கதவு ஒரு விரற்கடை திறந்தது. தட்டு உள்ளே நகர்ந்தது.

"கோவம் ஒண்ணும் இல்லம்மா. அங்கன எனக்குப் பிடிக்கவே இல்ல. வீடுதான் நல்லாருக்கு."

அப்பாடா! பேசிவிட்டாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கதவில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "சாப்பிடுடா கண்ணு," என்றேன்.

வாசலில் சாவி திரும்புகிற சத்தம் கேட்டது.

ஜெயசீலன் உள்ளே வந்தார், கையில் காய்கறிப் பை. நான் குளிக்கப் போன நேரத்தில் லூலு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார். அவருக்குப் பின்னால், கண் வீங்கி, செருப்பைக் கழற்றிக்கொண்டே ஸ்வாதி வந்தாள். தரையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். திறந்திருந்த கதவிடுக்கைப் பார்த்தாள்.

மூன்று நாளில் முதல்முறையாக என்னிடம் பேசினாள்.

"மம்மி, என் ரூம்ல யாரு?"

 உள்ளே சாப்பிடுகிற சத்தம் நின்றது.

"எம்மா," என்றது அந்தக் குரல். "யாரு வந்திருக்கா?"