கடைசி மக்வில்லியம்

திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்கு உனா ஸ்டராக் ஃபார்ஃபர் கடைத்தெருவில் பேருந்தை விட்டு இறங்கினாள். தோளில் வரைதாள் சுருட்டிய நீளக் குழாய். பையில் மையும் பேனாவும். கையில் பேக்கரியில் வாங்கிய, இறைச்சி பொதிந்த ஒரு பிரைடி ரொட்டி, சூடு ஆறாமல் காகிதத்தை நனைத்துக்கொண்டிருந்தது. டிசம்பர் மாதம். இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் இருட்டிவிடும்.

ஊர் வரலாற்றுக் கழகத்தின் பழைய கல்வீட்டு வாசலில் காவலாளி வாட்டி பெட்ரி சாவிக்கொத்தோடு நின்றிருந்தார்.

"நீதானா புள்ள? என் ரெண்டாவது கல்யாணத்தப் பதிவேட்டுல ஏத்துனவ."

"மூணாவதையும் நான்தான் ஏத்துனேன், மிஸ்டர் பெட்ரி."

"அத ஏன் இப்ப ஞாபகப்படுத்துற?" என்று சாவியைக் கொடுத்தார். "ராஜ வம்சத்துக்கு மரம் வரையிறியாமே. எங்க தாத்தா ஆடு திருடி உள்ள போனவரு. ஓரமா ஒரு கிளை போட்டு அவரையும் தொங்க விடேன்."

"ஆதாரம் இருக்கா?"

"ஆட்டுக்காரன் சொன்னான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துச் சில நாட்கள் ஆகியிருந்தன.

மாடிப்படியில் அவள் பாதி ஏறியபோது வாட்டி கீழிருந்து குரல் கொடுத்தார். "மேல சூடு வராது, கம்பளி போட்டுக்க. அப்புறம், பாலை அங்க கொண்டுபோய் வைக்காத. அந்த ரூம்ல பால் தங்காது. காலையில வச்சா மத்தியானம் திரிஞ்சு போயிடும்."

"குளிர்ல எப்படிப் பால் திரியும்?"

"நான் காவக்காரன், பால்காரன் இல்ல."

அறையில் ஒரு நீள மேசை, ஒரு நாற்காலி, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். ஈரக் கம்பளி வாடை அடித்தது. உனா தாளை விரித்து நான்கு மூலைகளிலும் கனம் வைத்தாள்.

மக்வில்லியம் வம்சத்தின் மரம் அது. டங்கன் அரசனின் வழிவந்தவர்கள். கிரீடம் தங்களுக்கே உரியது என்று தலைமுறை தலைமுறையாகக் கிளர்ந்து, ஒவ்வொருவராகத் தலையிழந்தவர்கள். சனிக்கிழமைக்குள் அந்த மரம் கீழே கூடத்தில் மாட்டப்பட வேண்டும். பென்சில் வேலை வீட்டிலேயே முடிந்திருந்தது. மை ஏற்றுவதுதான் மிச்சம்.

முப்பது வருடம் பதிவு அலுவலகத்தில் இருந்தவள் உனா. ஓய்வுக்குப் பிறகு ஊரார் குடும்பங்களுக்கு மரம் வரைந்து கொடுத்தாள். அவளுக்கு மூன்று விதிகள். ஆதாரம் இல்லாவிட்டால் கோடு இல்லை. பெயர் இல்லாவிட்டால் இடம் இல்லை. கிளை முடிகிற இடத்தில் 'சந்ததி இல்லை' என்று எழுத வேண்டும். பக்கத்து ஊரான கிரிமியூரில் அவள் வீட்டு மேசை இழுப்பறைக்குள் அவளுடைய சொந்த மரமும் இருந்தது. அதில் தன் பெயருக்குக் கீழே அந்த இரண்டு சொற்களை அவளே, தன் அழகான கையெழுத்தில், எழுதி வைத்திருந்தாள்.

மக்வில்லியம்களின் கடைசி ஆள் ஒரு பெண் குழந்தை. அந்தக் காலத்துத் துறவி ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். தாயின் வயிற்றிலிருந்து வந்து அதிக நாள் ஆகாத குழந்தை. இதே ஃபார்ஃபர் சந்தையில் முரசறைபவன் அரசாணையை உரக்கப் படித்தான். பிறகு குழந்தையின் தலையைச் சந்தைத் தூணில் மோதினார்கள். அவ்வளவுதான் குறிப்பு. தகப்பன் ஒரு மக்வில்லியம் என்பதற்கு மேல் விவரம் இல்லை. தாய் யாரென்று இல்லை. குழந்தைக்குப் பெயரும் இல்லை.

இரண்டாம் விதிப்படி உனா அவளை மரத்தில் சேர்க்கவில்லை.

மை ஏற்றுமுன் பெயர்களைக் கீழிருந்து மேலாக உரக்கப் படித்துப் பார்ப்பது அவள் பழக்கம். அந்தக் காலத்தில் முடிசூட்டும்போது புலவன் எழுந்து நின்று அப்படித்தான் சொல்வானாம்: இன்னாருடைய மகன், அவன் இன்னாருடைய மகன் என்று. உனா படித்தாள். வெறும் அறையில் தன் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. டங்கன் அரசன் வரை போய் நிறுத்தினாள்.

அறையில் இன்னொருவரும் மூச்சடக்கிக் கேட்டுக்கொண்டிருந்ததுபோல் இருந்தது. படித்தது முடியவில்லை, இன்னும் ஒரு பெயர் பாக்கி என்பதுபோல்.

மூன்று நாற்பதுக்கு வெளிச்சம் போயிற்று. தெருவில் ஓர் ஆண்குரல் எழுந்தது. சத்தமான, உணர்ச்சியற்ற, எதையோ படித்துக் காட்டுகிற குரல். உனா ஜன்னலுக்குப் போனாள். நனைந்த தெருவில் ஒரு பேருந்து போயிற்று. ஆள் நடமாட்டமே இல்லை.

குரல் நின்றது.

பிறகு ஜன்னலுக்குக் கீழே, சுவரோரம், ஒரே ஒரு சத்தம்.

பெரிய சத்தம் இல்லை. நனைந்த துணி மூட்டையைக் கல்லில் அடித்தது போன்ற சத்தம்.

உனா விளக்கை அணைக்காமலே கீழே இறங்கி வந்துவிட்டாள்.

செவ்வாயன்று, படிப்பதற்கு முன்னால், ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றினாள். பால் திரிந்து கோப்பையில் துணுக்குத் துணுக்காக மிதந்தது. மூன்று நாற்பதுக்கு அதே குரல். அதே சத்தம். இந்தமுறை மேசை மேலிருந்த பேனா லேசாக அதிர்ந்தது.

அரை மணி கழித்து விளக்கைப் பார்க்க வந்த வாட்டியிடம் கேட்டாள்.

"மிஸ்டர் பெட்ரி, பழைய சந்தைத் தூண் எங்க இருந்துச்சு?"

"நடுத் தெருவுலன்னு பாதிப் பேரு சொல்லுவான். இந்தச் சுவத்துக்கு அடியிலன்னு மீதிப் பேரு. ரெண்டு கட்சியும் இதே கூடத்துல நாற்காலியத் தூக்கிக்கிட்டு சண்டை போட்டிருக்கானுங்க." அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தாளைக் குனிந்து பார்த்தார். விரலால் கீழே தடவிக்கொண்டே போனார். "அந்தப் பாப்பாவ எங்க போட்டிருக்க?"

"போடல."

"ஏன்?"

"பேரு இல்ல. பேரு இல்லாதவங்கள நான் போடறதில்ல."

வாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு ராஜா அந்தப் பச்சப் புள்ளையப் பாத்து அவ்வளவு பயந்திருக்கான். நீ ஒரு கோடு போட மாட்டேங்குற."

அவர் போன பிறகும் உனா மேலங்கியும் கையுறையும் மாட்டிக்கொண்டு, கிளம்பாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கும் ஒன்று இருந்தது. முப்பத்தைந்து வருடத்துக்கு முன், டண்டீயில் ஒரு மருத்துவமனையில். இருபத்தாறு வாரக் கர்ப்பம். நர்ஸ் ஒரு துவாலையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். உனா பார்த்தது ஒரு குதிகாலை மட்டும்தான். இருபத்தெட்டு வாரம் நிறையாமல் உயிரின்றிப் பிறந்ததற்கு அப்போதெல்லாம் பதிவேட்டில் இடம் கிடையாது. அடுத்த திங்கட்கிழமை அவள் அலுவலகத்துக்குப் போய் அதே பதிவேட்டைத் திறந்து வேறு யாரோ பெற்ற இரட்டைக் குழந்தைகளைப் பதிந்தாள். கணவன் கென் எண்ணெய்க் கிணற்று வேலைக்குக் கடலுக்குப் போனான். கரைக்கு வந்தபோது வேறு வீட்டுக்கு வந்தான். குழந்தைக்கு ஒரு பெயரை அவள் முன்பே முடிவு செய்திருந்தாள். யாரிடமும் சொன்னதில்லை.

புதன்கிழமை உனா தன் விதியை மீறினாள். கடைசி மனிதனுக்குப் பக்கத்தில் ஒரு குறுங்கோடு இழுத்து, கீழே 'மகள்' என்று மட்டும் எழுதினாள். மற்ற மை எல்லாம் காய்ந்தது. அந்த ஒரு சொல் மட்டும் ஈரமாகவே இருந்தது. ஒற்றுத்தாள் வைத்து எடுத்தாள். மறுபடி ஈரம்.

குரல் வந்தது. இம்முறை அவள் ஓடவில்லை. மொழி புரியவில்லை. ஆனால் வாழ்நாளெல்லாம் பெயர்களைப் படித்துக் காட்டியவளுக்கு அரசாங்க வாசகத்தின் நடை தெரியும். எந்த இடத்தில் பெயர் விழ வேண்டும் என்று தெரியும். அந்த இடம் வந்தபோது குரல் நின்றது. ஒரு மூச்சு நேரம் வெறுமை. பிறகு தொடர்ந்து படித்து முடித்தது.

சத்தம்.

எண்ணூறு வருடமாக அந்த ஓட்டையோடுதான் படிக்கிறார்கள், யாரும் நிரப்பவில்லை என்று உனாவுக்குத் தோன்றியது. வீட்டுக்குப் போகும் பேருந்தில் அவள் உதடுகள் அசைந்துகொண்டே வந்தன.

வியாழக்கிழமை அவள் பேனாவை மையில் தோய்த்துக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

மூன்று நாற்பது.

குரல் எழுந்தது. படித்தது. அந்த இடத்துக்கு வந்தது. நின்றது.

"இசொபெல்" என்றாள் உனா, இதுவரை யாரிடமும் சொல்லாத அந்தப் பெயரை.

ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் மழைகூட நின்றதுபோல் இருந்தது.

சத்தத்துக்காகத் தோள்களைக் குறுக்கிக்கொண்டு காத்தாள். ஒரு நிமிடம். ஐந்து நிமிடம். சத்தம் வரவில்லை. 'மகள்' என்ற சொல்லின் கீழே இசொபெல் என்று எழுதினாள். எழுதிய கணமே இரண்டு சொற்களும் காய்ந்தன. உனா மேசை மேல் இடது கையை நீட்டி, அதன்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். மருத்துவமனையில் அழாத அழுகை.

நிமிர்ந்தபோது அறையில் ஈரக் கம்பளி வாடை இல்லை. வேறு வாடை. பிறந்த குழந்தையின் உச்சந்தலை வாடை.

வெள்ளிக்கிழமை காலை வாட்டி ஏணியும் ஆணியுமாக வந்து தாளைப் பார்த்தார்.

"அட, பாப்பாவுக்குப் பேரே வச்சிட்டியா? இசொபெல்லுன்னு எங்க கெடச்சுது?"

"ஒரு பழைய குறிப்புல." அவள் முதல்முறையாகத் தன் வேலையில் பொய் சொன்னாள்.

"அப்ப தாயையும் கண்டுபிடிச்சிடலாம்னு சொல்லு."

"எப்படி?"

"என்ன புள்ள, என்கிட்ட கேக்குற? மூத்த பொண்ணுக்கு அம்மாவப் பெத்தவ பேருதான வைப்போம். உங்க வீடு, எங்க வீடு, எல்லா வீட்டுலயும் அதான. அப்போ இவ ஆத்தாவப் பெத்தவ பேரு இசொபெல்லு." அவர் ஏணியைச் சுவரில் சாய்த்தார். "இசொபெல்லுக்குப் பொறந்தவ எவளோ, அவதான் இவளுக்கு ஆத்தா. தேடிப் பாரு, எங்கியாவது இருப்பா."

உனா மைப்புட்டியின் மூடியை இறுக்கினாள்.

அவள் தாயின் பெயர் இசொபெல் ஸ்டராக்.

எத்தனையோ குடும்பங்களில் தொலைந்துபோன தாய்மார்களை இந்த ஒரு வழக்கத்தை வைத்தே அவள் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறாள். வழி தெரிந்தவளே, அந்தக் குழந்தை தன்னிடம் வர வழியைத் திறந்து வைத்திருந்தாள்.

"இது என்ன கறை?" என்றார் வாட்டி.

குழந்தையின் பெயரிலிருந்து ஒரு பழுப்புக் கோடு கிளம்பியிருந்தது. தந்தை பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம். ஒரு சிறு விரல் அகலம். தாளின் வெறுமையைக் கடந்து, விளிம்பைத் தாண்டி, மேசை மரத்தின் மேல் வளைந்து வளைந்து போய் ஓர் இடத்தில் நின்றது. நேற்று அவள் இடது கை கிடந்த இடம்.

அவள் தன் சட்டைக் கையைத் திருப்பிப் பார்க்கவில்லை. கோடு அங்கேயும் தொடர்கிறது என்று பார்க்காமலே தெரிந்தது.

"டீ கொட்டிருச்சு" என்றாள். "தாளுல இருக்கறத நான் சுரண்டி எடுத்துடறேன்."

அன்று மதியம் தாளை மாட்டிவிட்டு வெளியே வந்தபோது இடது முழங்கையில் ஒரு கனம் இருந்தது. பையை வலது தோளுக்கு மாற்றினாள். கனம் போகவில்லை. வாசலின் கல்தூணைத் தாண்டும்போது அந்தக் கனம் சட்டென்று அவள் மார்போடு ஒடுங்கிக்கொண்டது. உனா யோசிக்காமலே வலது உள்ளங்கையை எடுத்துத் தூணுக்கும் தன் கைக்கும் நடுவில் மறைத்துப் பிடித்தாள்.

வீட்டுக்குப் போய் மேசை இழுப்பறையைத் திறந்து தன் மரத்தை எடுத்தாள். அவள் பெயருக்குக் கீழே 'சந்ததி இல்லை' என்பது முழுதும் கலைந்து மையாகி, ஈரமாக மினுங்கியது. துடைக்க ஒற்றுத்தாளைக் கையில் எடுத்தவள், திரும்ப வைத்துவிட்டாள்.

அந்த வீட்டில் முப்பது வருடமாகக் கடிகாரச் சத்தம்தான் துணை. அன்றும் வேறு சத்தமே இல்லை. இடது கை மரத்துப் போகும்வரை அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு வழக்கமான கையெழுத்தில், தேதி போட்டு, பால்காரர் டூகலுக்கு ஒரு சீட்டு எழுதி வாசலில் காலிப் பாட்டிலுக்கு அடியில் வைத்தாள்.

'நாளையிலிருந்து இரண்டு பாட்டில். உ. ஸ்டராக்.'

சனிக்கிழமை காலையில் இரண்டு பாட்டில்கள் நின்றன. ஒன்று அதற்குள் திரிந்திருந்தது. அடியில் அதே சீட்டு, பின்பக்கம் டூகலின் கோணல் பென்சில் எழுத்து.

'சரிங்கம்மா. வீட்டுக்குப் பாப்பா வந்திருக்காபோல. நல்ல தொண்டை. கேட் வரைக்கும் அழுகை கேட்டுது.'

உனா இரவு முழுக்க விழித்திருந்தாள். ஒரு சத்தமும் அவளுக்குக் கேட்கவில்லை. சீட்டை இன்னொருமுறை படித்தாள். அவள் இடது கை அதுபாட்டுக்குத் தொட்டில்போல் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.