கவிழ்ந்து கிடந்த வாளி

காலை ஐந்தரை. இரவெல்லாம் கைக்குள் இறுக்கியிருந்த சாவியால் அவள் படுக்கையறையைத் திறந்தாள். ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மகள் தலை வைக்கும் இடத்தில் மெத்தை ஊறி, பக்கத்துப் பிளக் கருகியிருந்தது.

இது மூன்றாம் முறை. முன்பு இரண்டு தடவையும் மெக்கானிக், "மெஷின்ல கோளாறில்ல, யாரோ கை வச்சிருக்காங்க" என்றான். தேய்மானம் என்றால் செலவு வீட்டுக்காரருக்கு. கை வைத்திருந்தால் குடியிருப்பவளுக்கு. இன்னொரு தடவை என்றால் வீட்டையே காலி செய்யச் சொல்லியிருந்தார். ஆனால் அவளை அரித்தது அந்த 'யாரோ'தான். அதனால்தான் நேற்று ஏசியை ஓடவிட்டு, அறையைப் பூட்டி, மகளோடு ஹாலில் படுத்தாள். பூட்டிய அறைக்குள் வந்தது யார்?

கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர்களிடம் மூச்சு விடாமல், சப்-இன்ஸ்பெக்டரான நாத்தனாரை வரவழைத்தாள்.

"ராத்திரி சத்தம் ஏதாவது கேட்டுச்சா அண்ணி?"

"ஒண்ணுமே கேக்கல. தினமும் கீழ வாளியில தண்ணி சொட்டும், அதுகூட இல்ல. அதான் தூக்கமே வரல."

இருவரும் கொல்லைப்பக்கம் இறங்கினார்கள். ஏசி குழாய்க்கு அடியில் தரை காய்ந்திருந்தது. வாளி ஓரமாகக் கவிழ்ந்து கிடந்தது. வீட்டுக்காரம்மா வெளியே வந்தாள்.

"வாளி யாருது?" என்றாள் நாத்தனார்.

"என்னுதுதான். அந்தத் தண்ணியிலதான் தினமும் தரை துடைப்பேன்."

"நேத்து?"

"சாயங்காலமே கவுத்து வச்சிட்டேன்."

நாத்தனார் குழாய்க்குள் விரலை விட்டு ஒரு துணிச்சுருளை உருவினாள். தண்ணீர் பீறிட்டு அவள் ஷூவை நனைத்தது.

"ஐயோ! எந்தப் பாவி அடைச்சானோ!"

"அடைக்க யாராலயும் முடியும். ஆனா தண்ணி வராதுன்னு முன்னாடியே தெரிஞ்சவங்கதானே வாளியை எடுப்பாங்க? போன ரெண்டு தடவை மெக்கானிக் வர்றதுக்குள்ள துணியை உருவிட்டீங்க. இன்னைக்கு நான் முந்திக்கிட்டேன்."

வீட்டுக்காரம்மாவின் முகம் வெளுத்தது. "மெஷின் பழசு, எப்ப வேணா நின்னுடும். அடுத்த ரிப்பேர் செலவு நம்ம தலையில விழுந்தா உன் வளையலை வித்துத்தான் கட்டுவேன்னாரு அவரு. அதான் பழி உங்க மேல விழட்டும்னு... சொன்னா செய்வாரும்மா..."

உள்ளே இருமல் கேட்டது. "என்னடி அங்க சத்தம்?"

வீட்டுக்காரம்மாவின் சில்லிட்ட விரல்கள் அவள் மணிக்கட்டைப் பற்றின. ராத்திரி முழுக்க அவள் பயந்த அந்த 'யாரோ', அவளைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். "பாப்பா தலை வைக்கிற இடம் அது. உங்களுக்குத் தெரியும். நீங்களே அவளை அங்க தூங்க வச்சிருக்கீங்க."

தாழ்ப்பாள் விலகி வீட்டுக்காரர் வெளியே வந்தார்.

"குழாய் அடைச்சிருந்துச்சு சார்," என்றாள் அவள், நாத்தனார் வாய் திறப்பதற்குள். "நாங்க யாரும் கை வைக்கல, செலவு உங்களோடது. இந்த மாசத்தோட நாங்க காலி பண்ணிக்கிறோம்."