சால்வருக்குத் தெரியாத நிபந்தனை

"கத்தினா சுடுவேன்!"

குல்சிம் கத்தவில்லை. நெற்றியில் துப்பாக்கி இருக்கும்போது எவள் கத்துவாள்?

கஜகஸ்தானின் அல்மாத்தி நகரத்துக் கூரியர் கம்பெனி ஒன்றில், எந்த வேன் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று எக்ஸெல்லில் 'சால்வர்' என்ற கணக்குக் கருவியை ஓட்டிச் சொல்பவள். இன்று வீட்டிலிருந்தே வேலை. கதவைத் திறந்தால்... பெய்புத்! திருட்டுக்காகக் கம்பெனி விரட்டிய டிரைவர்.

"மூணு நகைக்கடையை அடிக்கணும். நாலு மணி ரயிலைப் பிடிக்கணும். எந்தக் கடை முதல்ல, எந்த ரோடுன்னு உன் சால்வரைக் கேளு!"

"கேட்டுட்டு...?"

"கணக்கு முடிஞ்சா நீயும் முடிஞ்சே!"

நிபந்தனைகளை அடித்தாள். பொத்தானை அழுத்தினாள்.

'சாத்தியமான தீர்வு இல்லை.'

"என்னடி, விளையாடறியா?"

"நேரம் பத்தலைண்ணே! ஏதாவது ஒரு நிபந்தனையைத் தளர்த்துங்க."

பல்லைக் கடித்தான். "சரி... ரெண்டு கடை!"

இந்தத் தடவையும் முடியாதென்று சொல்லிவிடு, ஆண்டவனே! மறுபடி அழுத்தினாள்.

'தீர்வு கிடைத்தது.'

பாழாய்ப்போன சால்வர்!

"இப்பவே கிளம்பணும். ஒரு நிமிஷம்கூட மிச்சமில்ல..." திரையில் வந்ததைப் படித்தாள் குல்சிம்.

அவன் விரல் விசைக்குப் போனது...

"யாரும்மா வந்திருக்கறது?"

உள்ளிருந்து குல்சிமின் மாமியார்! கையில் தேநீர்த் தட்டு. துப்பாக்கி சட்டென்று கோட்டுக்குள் ஒளிந்தது.

"கூட வேலை பார்த்தவரு, அத்தே..."

"வந்த பிள்ளையை நிக்க வெச்சா பேசறது? உக்காருப்பா."

"இல்லம்மா... அவசரமா..."

"டீ குடிக்காம என் வீட்டுப் படியைத் தாண்டிடுவியா?"

கொள்ளைக்காரன்தான்... ஆனாலும் கஜக் வீட்டுப் பிள்ளை! பெரியவள் நீட்டியதைத் தட்ட மனம் வரவில்லை. உட்கார்ந்தான்.

அரைக் கிண்ணம் ஊற்றினாள். குடித்தான். மறுபடி அரை. மறுபடி... விருந்தாளியை அனுப்ப நினைத்தால்தானே கஜக் வீட்டில் கிண்ணத்தை நிறைப்பார்கள்! பெய்புத்துக்கு வியர்த்தது. கண் கடிகாரத்திலேயே இருந்தது.

"உங்கம்மா எந்த ஊருப்பா?"

"தராஸ் பக்கம்மா... ஐயோ, நேரமாச்சும்மா!"

"அட, இன்னும் கொஞ்சம்..."

கதவு படாரென்று திறந்தது.

போலீஸ்!

துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு அவனை வளைத்தார்கள். குல்சிமுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அத்தே... நீங்க தூங்கிட்டிருந்தீங்களே?"

"இவன் கத்தின கத்துல எவ தூங்குவா? போன் பண்ணிட்டுத்தான்டி டீயே போட்டேன்!"

பெய்புத்தின் கிண்ணத்தை எடுத்து விளிம்புவரை நிறைத்தாள்.

"இப்பக் கிளம்புப்பா... வண்டி வந்திருச்சு!"