பயணத் திட்டத்தில் ஏழாவது இரவு

ஆறு இரவுகள் இருக்க வேண்டிய தாளில் ஏழு இருந்தன.

டிக்கெட் அக்கா விரல்விட்டு எண்ணினாள். பென்சில் முனையால் தட்டித் தட்டி எண்ணினாள். கீழிருந்து மேலாகவும் எண்ணிப் பார்த்தாள். மூன்று இரவு ரயிலில், மூன்று இரவு விடுதியில், நடுவில் இரண்டு விமானம், நான்கு ஊர். மலையில் தொடங்கிக் கடலில் முடிகிற மாதிரி அவள் தனக்காகப் பார்த்துப் பார்த்துப் போட்ட திட்டம் அது. இப்போது எல்லாவற்றுக்கும் மேலே, அவள் அடிக்காத ஒரு வரி முதல் வரியாக உட்கார்ந்திருந்தது. "14 இரவு: நிலையம். காத்திருப்பு." அதற்குக் கீழே ரயிலும் விமானமும் விடுதியும் ஒவ்வொரு நாள் தள்ளிப் போய் நின்றன.

"யாருப்பா என் ஷீட்டுல கை வச்சது?"

எதிர் மேசையில் விமான டிக்கெட் போடுகிறவன் தலையைத் தூக்கினான். அந்த டிராவல்ஸ் ஆபீசில் அவனுக்குப் பேரே ஃப்ளைட்டுதான். அவள் ரயில், அவன் விமானம். பத்தொன்பது வருஷமாக அவளும் ஆறு வருஷமாக அவனும் ஊர் உலகத்தையெல்லாம் வழியனுப்பி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் எதுக்குக்கா ரயில் பக்கம் வரப்போறேன்? என் பொழப்பெல்லாம் ஆகாசத்துல." எழுந்து வந்து தாளைப் பார்த்தான். சிரித்துவிட்டான். "ஊருக்கெல்லாம் குறி சொல்ற பல்லி கழுநீர்ப் பானையில விழுந்த கதையா இருக்கே! பன்னெண்டு இருபது வண்டியில நீங்களே தேதி பிசகிட்டீங்க போல."

அவள் சிரிக்கவில்லை. பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு பயணியிடமும் அவள் தொண்டை வறளச் சொல்லும் பாடம் அதுதான். பதினாலாம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போய்ப் பன்னிரண்டு இருபது வண்டியைப் பிடிக்கிறவர் பதினைந்தாம் தேதிக்குத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். நடுராத்திரி தாண்டினால் தேதி மாறிவிடும். பதினாலு என்று போட்டால் அந்த வண்டி முந்தின ராத்திரியே போயிருக்கும். பிளாட்பாரத்தில் பெட்டியும் கையுமாக நின்று விடிய வேண்டியதுதான்.

அவள் அந்த வரியை அழித்தாள். தேதிகளைச் சரி செய்து மறுபடி அச்செடுத்தாள். பிரிண்டர் கறகறவென்று தாளைத் துப்பியது. சூடான தாளில் மையின் வாசனை வர வேண்டும். அடைத்துப் போட்ட ஈரத்துணியின் வாடை வந்தது. சேறும் பாசியும் கலந்த வாடை.

ஏழு இரவுகள்.

அப்போதுதான் தலைக்கு மேலே நடக்கிற சத்தம் கேட்டது. ஷூ போட்ட கால். அவசரமில்லாத, ஆனால் கோபமுள்ள நடை. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்து, நின்று, திரும்பி, மறுபடி நடந்தது. அவர்களுடையதுதான் கடைசி மாடி. மேலே மொட்டை மாடியும் மத்தியான வெயிலும் தவிர ஒன்றுமில்லை.

"தண்ணித் தொட்டி கழுவ ஆள் வந்திருப்பான்," என்றான் ஃப்ளைட்டு, நிமிராமலே.

தொட்டி கழுவுகிறவன் ஷூ போட்டுக்கொண்டா வருவான்? அந்த நடை அவளுக்குத் தெரியும். பதினேழு வருஷம் அந்த நடை கூடத்தில் எழுந்தால் அவள் சமையலறையில் மூச்சை அடக்கிக்கொண்டவள்.

சாயங்காலம் நாத்தனாரின் போன் வந்தது. செத்துப்போன புருஷனின் அக்கா. நல்லது கெட்டது எதையும் நாசூக்காகச் சொல்லத் தெரியாதவள்.

"உன் கையால போட்ட டிக்கெட்டுதான் என் தம்பிய எமன் வாயில தள்ளுச்சு. முழுசா ஒரு வருஷம் ஆகல, ஊர் சுத்தக் கிளம்பிட்டியாமே?"

"வருஷம் முடியற அன்னைக்குத்தான் அண்ணி கிளம்பறேன்."

"அதே தேதியிலயா? அதே வண்டியிலயா? உனக்கு நெஞ்சு இருக்கா கல்லு இருக்கா?"

"அதே வண்டிதான். எத்தனை பேரை அதுல ஏத்தி விட்டிருக்கேன். ஒரு தடவை நானும் ஏறிக்கிறேன்."

போனை வைத்தாள். இந்த ஒரு பயணத்துக்காக அவள் பத்தொன்பது வருஷம் காத்திருந்தாள். இரண்டு முறை தனக்கென்று டிக்கெட் போட்டாள்; இரண்டு முறையும் புருஷன் ரத்து செய்தார். "பொம்பள தனியா எங்க போற? திரும்பி வந்தா கதவு தெறந்திருக்குமான்னு யோசிச்சுக்க," என்றார். இந்தத் தடவையும் போகாமல் நின்றுவிட்டால் இனி எந்தத் தடவையும் இல்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த வீட்டின் சுவர்கள் அவளை அப்படியே மென்று விழுங்கிவிடும்.

நாத்தனாருக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. யாருக்குமே தெரியாது.

போன வருஷம் அவருக்கு டிக்கெட் போடும்போது அவள் பதினைந்து என்றுதான் சொன்னாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனுஷன் அவர். "பதினாலாந்தேதி ராத்திரி போறவனுக்குப் பதினஞ்சுன்னு போடுவியா? இத்தனை வருஷமா அந்த ஆபீஸ்ல இதைத்தான் கிழிச்சியா?" என்று நாலு பேர் முன்னால் கத்தினார். அவள் "சரிங்க" என்றாள். பதினாலு என்றே போட்டாள். தெரிந்தே போட்டாள். ஒரே ஒரு ராத்திரி, ஒரே ஒரு தடவை, அவர் பிளாட்பாரத்தில் அசடு வழிய நிற்கட்டும் என்று நினைத்தாள். அவ்வளவுதான் நினைத்தாள்.

அன்று நடுராத்திரி தாண்டி அவர் போன் செய்தார். "வேணும்னேதான பண்ண?" என்று கேட்டார். பின்னால் ஷூ சத்தம். பிளாட்பாரத்தின் நீளத்துக்கு நடந்துகொண்டே பேசினார். ஆத்திரத்தில் வாடகைக் கார் பிடித்துக் கிளம்பினார். விடியற்காலையில் அந்தக் கார் கால்வாய்க்குள் கிடந்தது.

கிளம்புவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, வீட்டில் பெட்டியைத் தராசில் தொங்கவிட்டாள். விமானத்தில் பதினைந்து கிலோதான் விடுவார்கள் என்று ஃப்ளைட்டு படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். பதினொன்று காட்டியது. நிம்மதியாகக் குளிக்கப் போனாள். வந்து கட்டிலிலிருந்து தூக்கினால் பெட்டி லேசில் வரவில்லை. தராசு இருபத்து மூன்று என்றது.

திறந்தாள். நாலு சேலை, இரண்டு சுடிதார், சால்வை, மாத்திரை டப்பா. வேறு எதுவுமில்லை. எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள். காலிப் பெட்டியைத் தொங்கவிட்டாள். முள் மெல்ல மெல்ல ஏறியது. பெட்டியின் உள்ளே தைத்திருந்த துணியில் ஈரம் படர்ந்திருந்தது.

கூடத்தில் நடை கேட்டது. போகிறது. நிற்கிறது. திரும்புகிறது.

அவளுக்குப் பயமாக இருந்தது. கூடவே, அடியிலிருந்து, வேறொன்றும் பொங்கிக்கொண்டு வந்தது. பெட்டியைத் தூக்கித் தெருவில் எறிந்தாள். துணிமணியை ஆபீஸ் பையில் திணித்தாள்.

"போங்க, நடங்க!" என்று கூடத்தைப் பார்த்துக் கத்தினாள். "உயிரோட இருக்கறப்போ ரெண்டு டிக்கெட்ட கிழிச்சீங்க. இதையும் கிழிச்சிருவீங்களா?"

நடை நின்றது. இதுவரை அது அவ்வளவு நேரம் நின்றதே இல்லை. நின்றது இன்னும் மோசமாக இருந்தது.

மறுநாள் ஆபீசில் ஏழாவது முறையாக அச்செடுத்தாள். ஏழு இரவுகள். "நிலையம். காத்திருப்பு." ஃப்ளைட்டு மதியச் சாப்பாட்டுக்குக் கீழே போயிருந்தான். மின்விசிறி சுற்றியது. ஜன்னலில் வெயில் இருந்தது. தலைக்கு மேலே நடை தொடர்ந்தது.

தாளையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று புரிந்தது. ஒரு ராத்திரி நிற்கட்டும் என்று அவள் நினைத்தாளே, அந்த ராத்திரி இன்னும் விடியவில்லை. அவர் இன்னும் அங்கேதான் நிற்கிறார். அவளையும் பக்கத்தில் நிற்க வைக்கப் பார்க்கிறார்.

"நான் நிக்க மாட்டேன்," என்றாள் வாய்விட்டு.

அலமாரியிலிருந்து போன வருஷத்து முன்பதிவு நோட்டை இழுத்தாள். கணினி இருந்தாலும் அவள் எல்லாவற்றையும் கையாலும் எழுதி வைப்பவள். பக்கம் புரட்டினாள். அவர் பெயர், வண்டி எண், பன்னிரண்டு இருபது, தேதி 14. அவள் கையெழுத்து. தெரிந்தே எழுதிய ஒரே தப்பு. சிவப்புப் பேனாவை எடுத்து 14ஐ அடித்தாள். மேலே 15 என்று எழுதினாள். திருத்தம் செய்தால் பக்கத்தில் கையெழுத்துப் போடுவது ஆபீஸ் வழக்கம், அதையும் போட்டாள்.

"இந்தாங்க. சரி பண்ணிட்டேன். வந்த வண்டியில ஏறிப் போய்ச் சேருங்க. என்னை விடுங்க."

மாடியில் நடை நின்றது. ஈர வாடை கலைந்தது. அச்செடுத்த தாளில் ஆறு இரவுகள் இருந்தன. ஆறேதான். அவள் மேசையில் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் அழுதாள். சாப்பிட்டுவிட்டு வந்த ஃப்ளைட்டு ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டுப் போனான்.

பதினாலாம் தேதி ராத்திரி பன்னிரண்டு பத்துக்கு வண்டி வந்தது. டிக்கெட்டில் பதினைந்து. ஐந்து தடவை பார்த்தாள். பிளாட்பாரத்தில் யாரும் நடக்கவில்லை. போர்ட்டர் ஒருவர் தூங்கினார், குழாயில் தண்ணீர் சொட்டியது, அவ்வளவுதான். ரயில் பெட்டிக்குள் ஏறினாள். கீழ் பர்த். எதிரே இரண்டு பர்த்தும் காலி. மேல் பர்த்தில் மடித்த போர்வை மட்டும். கம்பளி வாசனை, பினாயில் வாசனை, பழைய இரும்பின் வாசனை. எத்தனை பேருக்கு இதையெல்லாம் வாயால் மட்டுமே சொல்லியிருப்பாள்!

வண்டி குலுங்கியது. நகர்ந்தது. ஊரின் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. அவள் ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு சின்னப் பிள்ளையைப் போலச் சிரித்தாள். ஜெயித்துவிட்டாள். யார் என்ன சொன்னாலும் ஜெயித்துவிட்டாள்.

திரையை விலக்கிக்கொண்டு டிக்கெட் பரிசோதகர் வந்தார். வயதானவர், கண்ணாடி மூக்கின் நுனியில் இருந்தது. அவள் டிக்கெட்டைப் பார்த்தார், பட்டியலில் ஒரு கோடு போட்டார்.

"கீழ் பர்த் நீங்களாம்மா. சரி." இன்னொரு கோடும் போட்டார். தலையைத் தூக்கி மேலே பார்த்தார். "சார், நீங்களும் வந்துட்டீங்களா, நல்லது. தேதி திருத்தின டிக்கெட்டு, இல்ல? பரவால்ல. கால மட்டும் கொஞ்சம் உள்ள இழுத்துக்குங்க சார், போறவங்க வர்றவங்க மேல படுது."

அவர் அடுத்த திரையை நோக்கிப் போய்விட்டார்.

அவள் நிமிரவில்லை. நிமிர வேண்டாம் என்று நினைத்தாள். ஜன்னல் கண்ணாடியில் தெரிந்தது.

இரண்டு கால்கள். மேலிருந்து தொங்கின. ஷூ இல்லாத, ஊறி வெளுத்த பாதங்கள். விரலிடுக்குகளில் கறுத்த சேறு. வண்டியின் ஆட்டத்துக்கு அவை ஆடவில்லை. காற்றில் நடந்தன. இடது. வலது. நின்றன. திரும்பின. மறுபடி நடந்தன.

அபாயச் சங்கிலி கை எட்டும் தூரத்தில் இருந்தது. இழுத்தால் வண்டி நிற்கும். ஏதோ ஒரு பிளாட்பாரத்தில் இறங்கலாம். விடியும்வரை நிற்கலாம். பிறகு வீடு. பிறகு கூடம். பிறகு செத்துப் போகும்வரை அந்த நடை.

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பல் கிட்டியது. இருந்த குரலைத் திரட்டினாள்.

"இறங்க மாட்டேன். டிக்கெட் என்னோடது. நீங்க என்ன வேணா பண்ணிக்குங்க, நான் கடலப் பாக்காம திரும்ப மாட்டேன்."

மேலே நடை நின்றது.

பர்த் முனகியது. அதைத் தாங்கிய சங்கிலிகள் இறுகின. போர்வை மெல்லச் சரிந்து கீழே விழுந்தது, நனைந்திருந்தது.

வலது பாதம் கீழே வந்தது. படியைத் தேடியது. படி கிடைக்கவில்லை. விரல்கள் விரிந்து, மடங்கி, காற்றைத் தடவின. இன்னும் கீழே வந்தது. இன்னும். ஒரு மனிதக் கால் எட்டக்கூடிய அளவைத் தாண்டியும் வந்தது.

அவள் நகரவில்லை.

குளிர்ந்த பாதம் அவள் தோளில் ஊன்றியது. முழு பாரமும் அதில் இறங்கியது. இன்னொரு பாதம் மறு தோளைத் தேடிக்கொண்டிருந்தது.