மூடி பூட்டாத ஜார்

மனித குலத்தில் இரண்டே வகை: திருப்புளி பிடிக்கத் தெரிந்தவர்கள், மெக்கானிக்கைக் கூப்பிடும் கோழைகள். அவன் இதைப் போகிற விருந்துகளில் எல்லாம் அறிவித்து வந்தான்.

அன்று சாயங்காலம் அவனை உறுத்தியது, மனைவி அதை ஒத்துக்கொண்டதுதான்.

"மிக்சி ஓடலைங்க. மெக்கானிக் எதுக்கு? அதான் நீங்க இருக்கீங்களே."

ஒரு வருஷமாக அவள் அவனிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. மூடியைப் பூட்டினால்தான் ஓடுவேன் என்ற அந்த மிக்சியின் பிடிவாதம் பொறுக்காமல், போன வருஷம் அவன்தான் மூடி இல்லாமலே ஓடும்படி உள்ளே வயரை நேராக இணைத்தான். சீக்கிரமே அவளுடைய வலது கையில் இரண்டு விரல்கள் போயின. ஆஸ்பத்திரியில் வைத்து, "பார்த்து வேலை செய்ய மாட்டியா?" என்று கேட்டது அவனுக்கு நியாயமாகவே பட்டது.

சமையலறையில் ஈரத்துணி வாசமும் எங்கோ ஒளிந்திருந்த கருகல் வாடையும் மூச்சை அடைக்க, குழாய் சொட்டும் இடைவெளிகளில் ஃபிரிட்ஜ் முனகி முனகி அடங்க, சுவிட்ச் போர்டை மறைத்தபடி அவள் அசையாமல் நின்றாள்.

"பிளக்கைப் பிடுங்கிட்டியா?"

"அதெல்லாம் பயந்தாங்கொள்ளிங்க வேலைன்னு நீங்கதானே சொல்வீங்க!"

சிரித்தாள். அவனும் சிரித்து வைத்தான். இரண்டாம் முறை கேட்பது கௌரவக் குறைச்சல்.

"பிளேடுக்கு அடியில ஏதோ சிக்கியிருக்கு. விரலை விட்டு எடுங்க."

விட்டான். நார் மாதிரி ஏதோ வழுக்கியது. இழுத்தான். விரல் வரவில்லை. பிளேடு தோலை லேசாகத் தொட்டது.

அவள் உதவிக்கு வரவில்லை. அவனையே பார்த்தாள். இல்லை. ஜாரைப் பார்த்தாள்.

இடது கையால் மெல்ல ஃபோனை எடுத்து, யாருக்கும் தெரியாமல் சேமித்து வைத்திருந்த மெக்கானிக்கின் எண்ணைத் தட்டினான். ஸ்பீக்கர் தானாக ஆன் ஆகித் தொலைத்தது. "எங்க வீட்டு மிக்சி..." என்று கிசுகிசுத்தான்.

"மிக்சியா சார்? மத்தியானமே வந்து சரி பண்ணிட்டேனே! மூடி லாக்கையும் மாட்டித் தர்றேன்னேன், மேடம்தான் வேணாம்னுட்டாங்க. போட்டுப் பாருங்க, புதுசு மாதிரி ஓடும்."

குழாய் சொட்டியது.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

அவள் எட்டி ஜன்னலைச் சாத்தினாள். கொக்கியையும் மாட்டினாள்.

"பக்கத்து வீட்ல குழந்தை தூங்குதுங்க," என்றாள்.

மூன்று விரல்கள் சுவிட்சைத் தேடின.