எதிரி வீட்டுப் பூனை

இந்தப் புதுப் படத்தில் மட்டும் சுண்டுவின் அப்பா பதினோரு தடவை சாகிறார்.

அதுதான் அவருக்கு வேலை. போர்ப் படம் என்றால் அவர் எதிரிப் படைவீரன். ஹீரோ சுட்டதும் மதில்மேலிருந்து தலைகுப்புற விழ வேண்டும். ஒட்டுமீசையை மாற்றிக்கொண்டு ஒரே சண்டையில் மூன்று தடவை வந்து விழுவார். வசனம் கிடையாது. "ஆ!" மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை மொத்த வகுப்பும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டது. திங்கட்கிழமை இடைவேளையில் பள்ளி மைதானம் போர்க்களமாகிவிட்டது. ஆளுக்கொரு குச்சி, அதுதான் துப்பாக்கி.

"நீ எதிரி. உங்கப்பாவே எதிரிதானே!" என்றான் தடியன். எந்த விளையாட்டிலும் அவன்தான் ஹீரோ. ஏனென்று யாரும் கேட்டதில்லை. "டுமீல்!"

சுண்டு அசையாமல் நின்றாள்.

"ஏய், விழு!"

"மாட்டேன்."

"ஹீரோ சுட்டா எதிரி விழணும். படத்துல பார்த்தேல்ல?"

"பார்த்தேன். நூறு பேர் சேர்ந்து சுட்டும் ஹீரோ மேல ஒரு குண்டுகூடப் படல. ஏன்டா, குறி பார்க்கவே தெரியாதவங்களாப் பொறுக்கியெடுத்தா பட்டாளத்துல சேர்ப்பாங்க?"

நாலைந்து பேர் களுக்கென்று சிரித்துவிட்டார்கள். தடியனுக்கு மூக்கு விடைத்தது.

"எதிரின்னா கெட்டவன். கெட்டவன் சாகணும். உங்கப்பாவும்தான்!"

சிரிப்பு நின்றுபோனது. 'அது எங்கப்பாவே இல்ல, வேற யாரோ' என்று சொல்லிச் சுண்டு தப்பித்திருக்கலாம். அவளோ முன்னால் போய், குச்சி நெஞ்சில் இடிக்கும்படி நின்றாள்.

"எதிரி என்ன கெட்டது பண்ணான்? படத்துல காட்டினாங்களா? சொல்லு."

தடியன் யோசித்தான். "அது... தொப்பி வேற மாதிரி போட்டிருந்தான்."

"தொப்பிக்காகவாடா சுடுவ? எங்கப்பா விழறப்ப என்ன நினைச்சுப்பாரு தெரியுமா? 'இந்த ஆளுக்கும் வீட்ல உன்ன மாதிரி ஒரு பொண்ணு இருப்பா'ன்னு. அவரே சொன்னாரு. யாருன்னே தெரியாம சுடறதெல்லாம் ஒரு வீரமா? இனிமே, 'வீட்ல யாரு இருக்காங்க'ன்னு கேட்டுட்டுத்தான் சுடணும். கேக்கப் பயமா?"

"எனக்கென்னடி பயம்?"

தடியன் குச்சியைத் திருப்பி, எதிரி வரிசையில் நின்ற, தடித்த கண்ணாடி போட்ட சோடாபுட்டியின் மேல் நீட்டினான். "உங்க வீட்ல யாரு?"

"அம்மா, ரெண்டு தங்கச்சி, ஒரு பூனை."

"பூனை வேறயா?"

"அதுக்கு மூணு காலுதான். நான் ஊத்தினாத்தான் பால் குடிக்கும்."

தடியன் குறி பார்த்தான். ஒரு கண்ணை மூடினான். கொஞ்ச நேரத்தில் மறு கண்ணையும் மூடிக்கொண்டான்.

"சே! எப்படிடா சுடறது?" குச்சி கீழே இறங்கியது. "அடுத்த ஆளு வா!"

அடுத்தவள் வீட்டில் அப்போதுதான் நடக்கப் பழகும் தம்பி. அதற்கடுத்தவன் வீட்டில், ராத்திரி இவன் கையைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்கும் அக்கா.

"எல்லார் வீட்லயும் ஏன்டா இத்தனை பேரு!" என்று தடியன் அலுத்துக்கொண்டான்.

அவன் பக்கத்து வீரர்கள்கூடக் குச்சியைப் போட்டுவிட்டு எதிரிகளின் வரிசைக்கு ஓடினார்கள். அவர்கள் வீட்டு ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டாமா?

மணி அடிக்கும்வரை அந்தப் போரில் ஒருவர்கூடச் சாகவில்லை.